ஒரு கணினியில் இரு பணிசெயல் முறைமைகள்

கணினி என்னும் பொறி தானே யாதும் செய்யவல்லதன்று. விசைப்பலகையில் அழுத்திய எழுத்தைத் திரைக்குக் கொண்டு செல்வதும், எழுதிய மடலை வன்தட்டில் உரிய இடத்து வைத்துக் கேட்டபொழுது எடுத்துக் கொடுப்பதும், பல செய்நிரல்கள் ஒருங்கே இயங்குங்கால் அவை ஒன்றோடொன்று மோதாவண்ணம் நேரத்தையும் நினைவகத்தையும் பங்கிட்டு அளிப்பதுமாகிய தொழில்களை எல்லாம் ஏற்று நடத்துவது ஒரு தலைமைச் செய்நிரல் தொகுதியாகும். இதனை இலங்கைப் பாடநூல்கள் பணிசெயல் முறைமை எனவும், தமிழ்நாட்டார் இயக்குதளம் எனவும் வழங்குவர். பெயர் யாதாயினும் பொருள் ஒன்றே.

வீட்டுக் கணினிகளுட் பெரும்பாலனவற்றில் அமைந்திருப்பது மைக்கிரோசொப்ட் நிறுவனத்தாரின் விண்டோஸ் என்னும் முறைமையாகும். அதனை அகற்றாமலே லினக்ஸ் என்னும் பிறிதொரு முறைமையையும் அப்பொறியிலேயே நிறுவிக்கொண்டு, மின்விசையை அழுத்தியவுடன் இரண்டனுள் வேண்டியதைத் தெரிந்தெடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இரண்டும் ஒருங்கே இயங்கா. ஒன்று விழித்திருக்க மற்றையது உறங்கும். இவ்வேற்பாட்டை விரும்புவோர்க்குக் காரணங்கள் பல. உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவன் ஏட்டிற் படித்ததை மற்றொரு முறைமையிற் செய்துபார்க்க விரும்புவான். அலுவலக மென்பொருள் சில விண்டோஸில் மட்டுமே இயங்கும். இவற்றிற்கு மேலாக அண்மையில் ஒரு காரணம் புதிதாகத் தோன்றிற்று. விண்டோஸ் 10 என்னும் பதிப்பிற்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை மைக்கிரோசொப்ட் நிறுவனம் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாளுடன் முடித்துக்கொண்டது. அடுத்ததாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு முதலியன உள்ள பொறிகளையே ஏற்கும். ஆகவே, பழுதொன்றும் இல்லாத பழைய கணினிகள் பல இரண்டிற்கும் இடையே நிற்கலாயின. அத்தகைய பொறியில் இணையத் தொடர்புள்ள வேலைகளுக்கு லினக்ஸையும், பழைய செய்நிரல்களை இணையத்தொடர்பின்றி இயக்குதற்கு விண்டோஸையும் வைத்துக்கொள்வது தக்க வழியாம்.

எனினும் இதனைச் செய்யப் புகுவார் அஞ்சவேண்டிய தொன்றுண்டு. இருபது ஆண்டுகளாகத் தொகுத்த வினாத்தாள்களும், பிள்ளைகளின் ஒளிப்படங்களும், மறைந்த பெரியோரின் குரற்பதிவுகளும் அதே வன்தட்டில் உள்ளன. ஒரு தவறான கட்டளையால் அவை அனைத்தும் சில நொடிகளில் இல்லாதொழியும். இவ்விடர் லினக்ஸின் குறைபாட்டால் வருவதன்று. விண்டோஸின் தீமையால் வருவதுமன்று. இரு முறைமைகளுள் ஒவ்வொன்றும் அப்பொறி முழுவதும் தனக்கே உரியது என்னும் எண்ணத்தோடு ஆக்கப்பட்டுள்ளமையே அதற்குக் காரணம். ஆதலின், இரு முறைமைகளை ஒரு பொறியில் குடியிருத்தும் கலை என்பது, எல்லை யாது, வாயிலைக் காப்பவர் யார் என்னும் இரு வினாக்களுக்கு விடை காணும் கலையேயாகும்.

இவ்வினாக்கள் தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குவோமாயின் செய்முறை எளிதில் விளங்கும். 1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் தனியாட் கணினியை அறிமுகஞ் செய்தபொழுது, அதற்குப் பிசி டொஸ், சிபிஎம் 86, யூசிஎஸ்டி பி முறைமை என மூன்று பணிசெயல் முறைமைகளை அறிவித்தனர். ஒரு பொறிக்குப் பல முறைமைகள் என்பது தொடக்கத்திலேயே இருந்த கருத்தென்பது இதனாற் பெறப்படும். அக்காலத்து அதனால் யாதொரு சிக்கலும் எழவில்லை. அப்பொறியில் வன்தட்டு இருந்ததில்லை. முறைமை நெகிழ்தட்டில் இருந்தது. ஒரு நெகிழ்தட்டை எடுத்து மற்றொன்றைச் செருகியவுடன் கணினி வேறு கணினியாயிற்று.

1983ஆம் ஆண்டில் வெளிவந்த எக்ஸ்.டி. என்னும் பொறியில் 10 மெகாபைற்று அளவினதாகிய வன்தட்டு அமைந்தது. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒளிப்படம் மூன்று நான்கிற்கே அது போதாதாயினும், அன்று அது பேரிடம். கழற்றி மாற்ற இயலாத அத்தட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறைமைகள் வாழவேண்டுமாயின் அதனைப் பங்கிடுதல் வேண்டும். அதன்பொருட்டுத் தட்டின் முதலாவது ஆரைச்சிறையில் ஒரு பிரிவு அட்டவணை வகுக்கப்பட்டது. ஆரைச்சிறை என்பது தட்டில் ஒருமுறையில் படிக்கவோ எழுதவோ கூடிய மிகச்சிறிய கூறு. அது 512 பைற்று அளவினது. அதனுள் 446 பைற்றுக்கள் கணினியைத் தொடக்கும் சிறு செய்நிரலுக்கும், 64 பைற்றுக்கள் அட்டவணைக்கும், எஞ்சிய இரண்டும் அடையாளக் குறிக்கும் ஒதுக்கப்பட்டன. அட்டவணையில் 16 பைற்று வீதம் நான்கே பதிவுகள் உள. ஒவ்வொரு பதிவும் ஒரு பிரிவு எங்கே தொடங்குகிறது, எத்துணை நீளம் செல்கிறது, எவ்வகையினது, தொடக்கத்திற்கு உரியதாகக் குறிக்கப்பட்டதா என்பனவற்றைக் கூறும்.

யாழ்ப்பாணத்துக் காணியுறுதியை வாசித்தறிந்தவர்க்கு இவ்வட்டவணையை வேறு விளக்க வேண்டுவதில்லை. இன்ன பெயருடைய காணி, இத்துணைப் பரப்பு, இன்ன இன்ன எல்லை என்று உறுதி கூறும். ஆயின் உறுதி வேறு, வேலி வேறு. உறுதியில் எழுதியிருப்பதனால் மட்டும் அயலான் மாடு உள்ளே வாராதிருப்பதில்லை. பிரிவு அட்டவணையும் அத்தகையதே. அது எல்லையைக் கூறுமேயன்றி எல்லையைக் காவாது. ஒரு முறைமையில் முழு அதிகாரம் பெற்று நிற்பவர் தட்டின் எந்த ஆரைச்சிறையிலும் எதனையும் எழுதலாம். அட்டவணை அதனைத் தடுக்கும் ஆற்றலுடையதன்று.

இதற்கு லினக்ஸின் பிறப்பு வரலாற்றிலேயே ஒரு சான்றுண்டு. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் என்பார் 1991ஆம் ஆண்டு ஜனவரியில் 386 வகைக் கணினியொன்றைத் தவணைமுறையில் வாங்கினார். அம்ஸ்ரடாம் நகரிற் பேராசிரியராயிருந்த அன்ட்ரூ தனென்போம் கற்பித்தற் பொருட்டு 1987இல் வெளியிட்ட மினிக்ஸ் என்னும் முறைமையை அதில் நிறுவினார். பல்கலைக்கழகக் கணினியோடு தொலைபேசி வழியாகத் தொடர்புகொள்ளுதற்கு மினிக்ஸ் தந்த வசதி அவர்க்கு நிறைவளிக்கவில்லை. ஆகவே தாமே ஒரு செய்நிரலை எழுதத் தொடங்கினார். அது வளர்ந்து ஒரு முறைமையின் கருவாயிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் 25ஆம் நாள் அதனைப்பற்றி மினிக்ஸ் பயனாளர்க்கு அறிவித்தார். செப்ரெம்பரில் வெளிவந்த முதற்பதிப்புத் தனித்து நிற்க இயலாதது. அதனைத் தொகுத்து ஆக்குதற்கு மினிக்ஸின் துணை வேண்டியிருந்தது. எனவே அவருடைய வீட்டுக் கணினியில் அக்காலத்து இரு முறைமைகள் அருகருகே வாழ்ந்தன. ஒன்றில் நின்று மற்றொன்று கட்டப்பட்டது.

அவ்வாண்டின் பிற்பகுதியில் ஒரு நாள் அவர் பல்கலைக்கழகக் கணினியை அழைக்க முற்பட்டார். யூனிக்ஸ் மரபில் வந்த முறைமைகளில் மோடம், வன்தட்டு முதலிய கருவிகளும் கோப்புக்கள் போலவே பெயர் பெற்று நிற்கும். மோடத்துக்கு அனுப்பவேண்டிய அழைப்புக் கட்டளையை அவர் பெயர் மாறி வன்தட்டுக்கு அனுப்பிவிட்டார். தட்டு மறுப்பொன்றும் கூறவில்லை. தொலைபேசி எண்ணையும் பிறவற்றையும் தனக்குரிய செய்தியாகவே ஏற்று, மினிக்ஸ் இருந்த பிரிவின் மேல் எழுதிக்கொண்டது. அப்பிரிவின் இன்றியமையாத பகுதி சிதைந்தது. மினிக்ஸை மீண்டும் நிறுவுவதா, தம் ஆக்கம் தனித்து நிற்கத் தக்கதாயிற்று எனக் கொள்வதா என்று எண்ணி, அவர் பின்னதையே தேர்ந்தார். இந்நிகழ்ச்சியை அவரே பின்னர் எழுதிய வரலாற்று நூலிற் கூறியுள்ளார். இழப்பு ஆக்கமாக முடிந்தது அவருக்கு வாய்த்த பேறு. வினாத்தாள்களை இழக்கும் ஆசிரியர்க்கு அத்தகைய பேறு வாய்ப்பது அரிது. ஈண்டு நோக்கற்பாலது யாதெனின், பணிசெயல் முறைமையொன்றை ஆக்கவல்ல ஒருவர் கையிலேயே எல்லை மீறல் இத்துணை எளிதாக நிகழ்ந்தது என்பதாம்.

இனி வாயிலைக் கருதுவோம். பழைய பொறிகளில் மின்விசையை அழுத்தியவுடன் பயோஸ் என்னும் நிலைப்பொருள் விழித்து, தட்டின் முதலாவது ஆரைச்சிறையை நினைவகத்திற் கொண்டுவந்து அதனிடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும். ஆகவே அந்த 446 பைற்றுக்களை எவர் கைக்கொண்டாரோ அவரே வாயில் காப்போர். விண்டோஸை நிறுவும் செய்நிரல் ஆங்கு முன்பிருந்தது யாதெனக் கேளாமலே தன் செய்நிரலை எழுதிவிடும். லினக்ஸை முன்னரும் விண்டோஸைப் பின்னரும் நிறுவியவர்கள், லினக்ஸ் அழிந்துவிட்டதென்று வருந்தியதற்குக் காரணம் இதுவே. உண்மையில் அதன் பிரிவு அப்படியே இருக்கும். அதற்குச் செல்லும் ஒழுங்கைதான் அடைபட்டிருக்கும். விண்டோஸ் முதலில், லினக்ஸ் பின்னர் என்னும் விதி இதனாற் பிறந்தது. லினக்ஸை நிறுவும் செய்நிரல் முன்பிருந்த முறைமையைத் தேடியறிந்து தன் பட்டியலில் அதற்கும் இடமளிக்கும்.

அவ்வாறு பட்டியல் காட்டும் செய்நிரலைத் தொடக்கி எனலாம். லினக்ஸுக்கு முதலில் வழங்கிய புகழ்பெற்ற தொடக்கி, வேர்னர் அல்மெஸ்பேகர் என்பார் 1992இல் இயற்றிய லைலோ ஆகும். அது கருவின் கோப்புத் தட்டில் எவ்வெவ்விடத்தில் உள்ளது என்பதை மனப்பாடம் செய்த மாணவனைப் போன்றது. கரு புதுப்பிக்கப்பட்டு இடம் மாறியபின் லைலோவுக்கு மீண்டும் சொல்லிக்கொடாவிடின் பழைய இடத்தையே தேடிச்சென்று திகைத்து நிற்கும். 1995இல் எரிக் போலின் தொடங்கிய கிரப் என்பதோ கோப்பு முறைமைகளைத் தானே வாசிக்கக் கற்றது. பெயரைக் கூறினாற் கோப்பைக் கண்டெடுக்கும். விண்டோஸின் கருவைத் தொடக்கும் முறையை அஃது அறியாது. ஆகையால் பட்டியலில் விண்டோஸைத் தெரிந்தவுடன், விண்டோஸுக்கே உரிய தொடக்கியை எழுப்பி ஆட்சியை அதனிடம் ஒப்புவித்துவிட்டு ஒதுங்கும்.

கிரப் 446 பைற்றுக்குள் அடங்குவதன்று. அதன் எஞ்சிய பகுதியை முதலாவது ஆரைச்சிறைக்கும் முதலாவது பிரிவுக்கும் இடையே வெறுமையாகக் கிடக்கும் இடைவெளியில் வைப்பர். எவருக்கும் உறுதியில்லாத நிலம் அது. மென்பொருளைத் திருட்டுப் பிரதியெடுப்பதைத் தடுக்க வந்த வேறு சில செய்நிரல்களும் அதே இடைவெளியைக் கண்டு தம் குறிகளை ஆங்கு எழுதின. அதனாற் கணினிகள் தொடங்காது நின்ற நிகழ்ச்சிகளும் உண்டு. உரிமை எழுதப்படாத நிலத்தில் இருவர் குடிபுகுந்தால் நிகழ்வது இதுவே.

இக்குறைகளை நீக்குதற்கு வந்ததே யூ.ஈ.எப்.ஐ. என்னும் புதிய நிலைப்பொருள் நியமம். இன்ரெல் நிறுவனத்தார் தொடங்கிய ஆக்கத்தை 2005இல் அமைந்த கூட்டவை ஏற்று வளர்த்தது. இதனோடு ஜி.பி.டி. என்னும் புதிய அட்டவணையும் வழக்கிற்கு வந்தது. பழைய அட்டவணை 2 தெராபைற்றுக்கு மேற்பட்ட தட்டை முழுமையாக அளக்க மாட்டாது. நான்கு பதிவுகளையே தாங்கும். புதியதில் வழக்கமாக 128 பதிவுகளுக்கு இடமுண்டு. அதன் பிரதியொன்று தட்டின் இறுதியிலும் வைக்கப்படும். வாயிலும் மாறிற்று. எவரும் கைப்பற்றிக்கொள்ளும் முதலாவது ஆரைச்சிறைக்குப் பதிலாக, எளிய கோப்பு முறைமையோடு கூடிய ஒரு சிறு பிரிவு தொடக்கத்துக்கென ஒதுக்கப்பட்டது. அதனுள் விண்டோஸுக்கு ஒரு கோப்புறை, லினக்ஸுக்கு ஒரு கோப்புறை. எதனை முதலில் எழுப்புவது என்னும் வரிசையைக் கணினியின் தாய்ப்பலகையிலுள்ள நினைவகம் வைத்திருக்கும். பொதுத் திண்ணையில் இருவரும் தத்தம் பாயை விரித்துக்கொள்வது போன்றது இது.

இனி நிறுவும் முறை. முதலாவது செய்யவேண்டியது, தேவையான கோப்புக்களை எல்லாம் வேறொரு புறத்தட்டிற் படியெடுத்து, அப்படியை இன்னொரு கணினியில் திறந்து பார்த்தலாகும். படியெடுத்துத் திறந்து பாராதவர் படியெடுக்காதவரே. அடுத்து, விண்டோஸ் தட்டினை மறைகுறியாக்கி வைத்துள்ளதா என அறிதல் வேண்டும். பிட்லொக்கர் எனப்படும் இக்காப்பு, புதிய பொறிகளில் உரிமையாளர் அறியாமலே இயங்குவதுண்டு. தொடக்கமுறையில் மாற்றம் கண்டவுடன் 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்டுவிட்டு அசையாது நிற்கும். அவ்வெண்ணை முன்னரே தாளில் எழுதி வைத்துக்கொள்க. கணினிக்குள்ளேயே சேமித்து வைத்தல் பூட்டிய பெட்டிக்குள் அதன் திறவுகோலை வைத்ததனோடு ஒக்கும்.

மூன்றாவது, விண்டோஸ் 8 காலந்தொட்டு வந்துள்ள விரைவுத் தொடக்கம் என்னும் வசதியை நிறுத்துதல். இதனைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கோப்பிழப்பிற்கு மிகுதியும் காரணமாவதோ இதுவே. அவ்வசதி உள்ளபொழுது கணினியை அணைத்தாலும் விண்டோஸ் முற்றாக விடைபெறுவதில்லை. தன் கருவின் நிலையைத் தட்டில் எழுதிவைத்து உறங்கும். மறுமுறை எழும்போது தட்டு தான் விட்ட நிலையிலேயே உள்ளதெனக் கொள்ளும். இடையே லினக்ஸ் எழுந்து விண்டோஸின் பிரிவில் ஒரு கோப்பை மாற்றிவைத்ததாயின், திரும்பி வந்த விண்டோஸ் பழைய கணக்கின்படியே எழுதத் தொடங்கும். இரு கணக்கும் முரண்பட்டுக் கோப்புக்கள் சிதையும். இவ்வாறு உறங்கும் பிரிவைக் கண்டால் லினக்ஸ் அதில் எழுத மறுத்து வாசிக்க மட்டுமே இடங்கொடுப்பது முறை. பயனாளரோ அதனைக் குறையெனக் கருதி வலிந்து திறப்பர். இன்னொரு விந்தையும் உண்டு. மீண்டும் தொடக்குக என்று கட்டளையிட்டால் விண்டோஸ் முற்றாக அணைந்து எழும். அணைக்க என்று கட்டளையிட்டாலோ முற்றாக அணைவதில்லை. சொல்லும் பொருளும் மாறி நிற்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

இதன்பின் எல்லையைக் குறித்தல். விண்டோஸின் பிரிவைச் சுருக்குதலை விண்டோஸிலுள்ள தட்டு முகாமைக் கருவியைக் கொண்டே செய்தல் நன்று. தன் கோப்புக்களுள் எவை பெயர்க்கத் தக்கவை, எவை தகாதவை என்பதை அதுவே நன்கறியும். உபுந்து என்னும் லினக்ஸ் வெளியீட்டிற்கு 25 கிகாபைற்று இடம் வேண்டுமென அதனை வெளியிடுவோர் கூறுவர்; நாள்தோறும் பயன்படுத்துவோர்க்கு அதன் இருமடங்கு இருத்தல் நலம். சுருக்கியதால் வெளிப்பட்ட இடத்தைப் பிரிவாக்காமல் வெறுமையாகவே விடுக. லினக்ஸே அதனைக் கண்டு தனக்கு வேண்டியவாறு வகுத்துக்கொள்ளும்.

லினக்ஸின் வெளியீட்டை இணையத்திலிருந்து பெற்று, பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடக்கலாம். தட்டில் யாதொரு மாற்றமும் செய்யாமல் முறைமையை இயக்கிப் பார்க்கும் வாய்ப்பு இதனாற் கிடைக்கும். திரை, ஒலி, கம்பியில்லா இணைப்பு, அச்சுப்பொறி ஆகியன ஒழுங்காக இயங்குகின்றனவா என இந்நிலையிலேயே சோதித்தல் வேண்டும். கம்பியில்லா இணைப்பு இயங்காத பொறியில் அவசரப்பட்டு நிறுவிவிட்டுப் பின்னர் இணையத்தில் விடை தேட முயல்வோர் படும் பாடு சொல்லுந்தரமன்று. எல்லாம் நன்றாயின் நிறுவலாம். அப்பொழுது வரும் வினாக்களுள் ஒன்றே ஒன்று உயிர்நிலையானது: தட்டு முழுவதையும் அழித்து நிறுவுக என்பதும், விண்டோஸின் அருகே நிறுவுக என்பதும் ஒரே திரையில் அடுத்தடுத்த வரிகளாக நிற்கும். பிரிவுகளைக் கையாலேயே வகுப்பவர், தொடக்கத்துக்குரிய சிறு பிரிவை மீண்டும் வடிவமைக்காது உள்ளவாறே பயன்படுத்துதல் வேண்டும். அதனை வடிவமைத்தால் விண்டோஸின் பாயும் திண்ணையிலிருந்து தூக்கி எறியப்படும்.

நிறுவிய பின்னர் இரு குடிகளும் ஒன்றாக வாழுங்கால் எழும் சிறு பூசல்கள் சில. அவற்றுள் முதலிற் கண்ணிற் படுவது மணிக்கூடு. கணினி அணைந்திருக்கும்பொழுதும் மின்கலத்தால் ஓடும் மணிக்கூடு ஒன்று தாய்ப்பலகையில் உண்டு. டொஸ் காலத்து மரபைப் பின்பற்றி, அது உள்ளூர் நேரத்தைக் காட்டுவதாக விண்டோஸ் கொள்ளும். உலகப் பொதுநேரத்தைக் காட்டுவதாக லினக்ஸ் கொள்ளும். இலங்கை நேரம் உலகப் பொதுநேரத்திற்கு ஐந்தரை மணி முற்பட்டது. எனவே லினக்ஸில் இருந்துவிட்டு முற்பகல் 10 மணிக்கு விண்டோஸுக்கு வருவோர் அது அதிகாலை 4.30 எனக் காட்டக் காண்பர். மணிக்கூடு பழுதென்று மின்கலத்தை மாற்றியும் பயனில்லை. லினக்ஸில் ஒரு கட்டளையால் அதனையும் உள்ளூர் நேரத்துக்குப் பழக்கலாம். விண்டோஸின் பதிவேட்டில் ஒரு குறிப்பெழுதி அதனைப் பொதுநேரத்துக்குப் பழக்குதலே இரண்டனுள் மேலானது. இந்நாட்டு நேரம் 1996இல் இருமுறையும் 2006இல் ஒருமுறையும் மாற்றப்பட்டது. மணிக்கூட்டிற் பொதுநேரத்தை வைத்திருந்த பொறிகளில் அம்மாற்றங்களுக்காக மணிக்கூட்டைத் தொடவேண்டிய தேவை எழவில்லை; வேறுபாட்டைக் கூறும் அட்டவணையைத் திருத்துதலே போதுமாயிற்று.

அடுத்தது பொதுக்கிணறு. இரு முறைமைகளும் பயன்படுத்தும் கோப்புக்களை எங்கே வைப்பது? விண்டோஸின் என்.ரி.எப்.எஸ். என்னும் கோப்பு முறைமையை லினக்ஸ் வாசிக்கும், எழுதும்; லினக்ஸின் ஈ.எக்ஸ்.ரி.4 என்பதை விண்டோஸ் இயல்பாக வாசிப்பதில்லை. ஆகவே மூன்றாவது பிரிவொன்றை என்.ரி.எப்.எஸ். முறையில் அமைத்துப் பொதுவாக வைத்தல் தகும். அங்கே கோப்பிற்குப் பெயரிடுங்கால் வினாக்குறி, முக்காற்புள்ளி ஆகியவற்றை விலக்குக. லினக்ஸ் அவற்றைப் பொறுக்கும், விண்டோஸ் பொறாது. தமிழாசிரியர்க்கு இன்னொரு செய்தி. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்த கோப்புக்கள் லினக்ஸிற் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். அவை கெட்டுவிட்டன என்று அஞ்சவேண்டாம். அவ்வெழுத்துருவை லினக்ஸிலும் நிறுவியவுடன் தமிழ் மீளும். யூனிக்கோடு முறையில் எழுதியவற்றுக்கு இவ்விடர் இல்லை.

வாயிற் பூசல் புதிய நியமத்தால் முற்றாகத் தீர்ந்ததென்று எண்ணுதலும் பொருந்தாது. 2012இல் விண்டோஸ் 8 உடன் பரவிய பாதுகாப்பான தொடக்கம் என்னும் ஏற்பாட்டின்படி, ஏற்றுக்கொள்ளப்பட்ட கையொப்பம் இல்லாத தொடக்கியை நிலைப்பொருள் அனுமதியாது. பெரும்பாலான பொறிகளில் ஏற்கப்படும் கையொப்பம் மைக்கிரோசொப்ட் நிறுவனத்தினது. அதனால் லினக்ஸ் வெளியீட்டாளர் ஷிம் என்னும் சிறு செய்நிரலுக்கு அக்கையொப்பத்தைப் பெற்று, அதன் வழியாகத் தம் தொடக்கியை எழுப்புகின்றனர். 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் இற்றைப்படுத்தல், பழுதுடைய தொடக்கிகளை விலக்கும் பட்டியலொன்றைப் பொறிகளிற் பதித்தது. இரு முறைமைகள் உள்ள பொறிகளில் அது பதியாது என நிறுவனம் கூறியிருந்தும், அத்தகைய பொறிகள் சிலவற்றை அது இனங்கண்டுகொள்ளவில்லை. மறுநாள் லினக்ஸைத் தெரிந்தவர்கள், பாதுகாப்புக் கொள்கை மீறப்பட்டதென்னும் ஒரு வரியைக் கண்டனர். பொறி தானே அணைந்தது. பாதுகாப்பான தொடக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸிலிருந்து அப்பதிவை நீக்கி, மீண்டும் அதனை இயக்குவதே அப்போதைய மருந்தாக இருந்தது. முழுத்தீர்வு 2025ஆம் ஆண்டு மே மாத இற்றைப்படுத்தலில் வந்தது. ஒரு குடியின் நல்லெண்ணச் செயலே மற்றைக் குடிக்கு வாயிலடைப்பாக முடிந்தமைக்கு இதனிற் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இத்துணைத் தொல்லை எதற்கு என்பாரும் உளர். கட்டளைகளைப் பழகுவதொன்றே நோக்கமாயின் அவர் கூற்றுச் சரியானதே. விண்டோஸுக்குள்ளேயே மெய்நிகர்ப் பொறி ஒன்றை அமைத்து லினக்ஸை ஒரு செய்நிரல் போல இயக்கலாம். 2016இலிருந்து மைக்கிரோசொப்ட் நிறுவனமே விண்டோஸினுள் லினக்ஸ் கட்டளைகளை இயக்கும் வசதியை அளித்துவருகிறது. தட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. ஆயின் இரண்டையும் ஒருங்கே சுமப்பதற்கு நினைவகம் மிகுதியாக வேண்டும். 4 கிகாபைற்று நினைவகமே உள்ள பழைய பொறியில் அது நடவாது. அத்தகைய பொறிக்கு ஒன்று உறங்க ஒன்று விழிக்கும் முறையே ஏற்றது. அப்பிள் நிறுவனத்தாரும் 2006இல் தம் மக் கணினிகளில் விண்டோஸை அருகிருத்தும் பூட் காம்ப் என்னும் கருவியை அளித்தனர். 2020இல் தொடங்கிய அவர்தம் சொந்தச் சில்லுப் பொறிகளில் அஃது இல்லை.

இறுதியாக, லினக்ஸை வேண்டாமென்று நீக்க நினைப்பவர் செய்யும் தவறொன்றைக் குறித்தல் வேண்டும். அவர் விண்டோஸில் இருந்துகொண்டே லினக்ஸின் பிரிவை அழித்துவிடுவர். பழைய பயோஸ் பொறியாயின், மறுமுறை தொடக்கும்போது முதலாவது ஆரைச்சிறையிலுள்ள கிரப், அழிந்துபோன பிரிவில் தன் கோப்புக்களைத் தேடிக் காணாது, கருந்திரையில் மீட்பு நிலைக்குரிய சொல்லொன்றைக் காட்டி நிற்கும். விண்டோஸுக்கு யாதொரு கேடும் நேராதிருந்தும் அதனை அடைய வழியிராது. விண்டோஸ் நிறுவல் தட்டிலிருந்து கணினியைத் தொடக்கி, முதலாவது ஆரைச்சிறையைத் திருத்தும் கட்டளையைக் கொடுத்தே மீளவேண்டும். ஆதலால் வாயிலை முதலில் மாற்றுக. யூ.ஈ.எப்.ஐ. பொறியில் நிலைப்பொருளின் வரிசையில் விண்டோஸை முதலில் நிறுத்தி, கிரப்பின் துணையின்றி அது எழுகின்றதா என இருமுறை பார்த்தபின்னரே லினக்ஸின் பிரிவை நீக்கி, அவ்விடத்தை விண்டோஸின் பிரிவோடு சேர்க்கலாம். அவ்விடம் விண்டோஸின் பிரிவுக்கு உடனடுத்து வலப்புறத்தில் இருந்தாலன்றித் தட்டு முகாமைக் கருவி அதனைச் சேர்த்துத் தராது. இடையில் வேறு பிரிவு கிடந்தால், அதனைப் பெயர்த்து வைக்கும் வேறு கருவியை நாடவேண்டும். அதற்கு முன்னரும் கோப்புக்களை மீண்டும் ஒருமுறை புறத்தட்டிற் படியெடுத்துக்கொள்க.